குழந்தைக்கு எவ்வளவு உணவு? சிறு வயிறும் பெற்றோரின் அமானிதமும்

புகழனைத்தும் அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

நம் இல்லங்களில் மூன்று வேளையும் தவறாமல் கேட்கும் ஒரு முறையீடு உண்டு. 'பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறது' என்பதே அது. தட்டு நிறையச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, வீடு முழுவதும் குழந்தையைத் துரத்தி, கைப்பேசியில் படம் காட்டி, வாய் திறக்கும் நேரம் பார்த்து உள்ளே தள்ளிவிடும் காட்சியை எங்கும் காண்கிறோம். அதே குழந்தைக்கு இடையிடையே பொட்டலத் தின்பண்டங்களும் இனிப்புப் பானங்களும் கேட்டபோதெல்லாம் கிடைத்துவிடுகின்றன. உணவு வேளையில் வயிறு நிரம்பியிருக்கிறது. உடலோ சத்தின்றி வாடுகிறது.

இது மிகைப்படுத்திக் கூறும் கூற்றன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் பெறவில்லை. 3.4 விழுக்காட்டினர் உயரத்திற்கு மீறிய எடையுடன் இருந்தனர். தமிழகத்திலும் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இரத்தசோகைக்கு ஆளாகியிருந்தனர். இரத்தசோகை வெளியே தெரியாத நோய். குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் கவனமும் கற்கும் திறனும் மெல்ல மெல்லக் குன்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே, குழந்தையின் உணவு என்பது சமையலறையோடு முடிந்துவிடும் செய்தியன்று. அது மறுமையில் விசாரிக்கப்படும் ஓர் அமானிதம். ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைக் குறித்துக் கேட்கப்படுவர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (நூல்: புகாரீ, முஸ்லிம்). தான் உணவளிக்கக் கடமைப்பட்டவர்களைப் பாழாக்கிவிடுவதே ஒரு மனிதன் பாவியாவதற்குப் போதுமானது என்ற கருத்திலும் நபிமொழி உள்ளது (நூல்: அபூதாவூத்).

திருமறை கற்பிக்கும் முதல் பாடம்

குழந்தையின் முதல் உணவைப் பற்றி அல்லாஹ்வே தன் திருமறையில் பேசுகின்றான். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகின்றான். அதற்கு முன்பே பால்குடியை நிறுத்த விரும்பினால், தாயும் தந்தையும் மனமொப்பி, கலந்தாலோசித்துச் செய்யுமாறு வழிகாட்டுகின்றான் (அல்குர்ஆன் 2:233). சிந்தித்துப் பாருங்கள்! பால் மறக்கச் செய்யும் முடிவைக்கூடத் தாயின் தலையில் மட்டும் சுமத்தாமல், இருவரின் ஆலோசனைக்குரியதாக ஆக்கியிருக்கிறது நம் மார்க்கம். 'பிள்ளையின் சாப்பாடு அவள் பாடு' என்று ஒதுங்கும் தந்தையருக்கு இவ்வசனத்தில் தக்க பாடம் உண்டு.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. மதீனாவுக்கு வந்து தங்கிய வணிகக் கூட்டத்தாருக்கு ஓர் இரவு அவர்களே காவல் நின்றார்கள். அப்போது ஒரு குழந்தை இடைவிடாது அழும் ஒலி கேட்டது. தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்குமாறு கூறினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். மூன்றாம் முறை காரணம் கேட்டபோது, தம்முடன் பேசுபவர் யாரென்று அறியாத அப்பெண்மணி, பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே உமர் உதவித்தொகை வழங்குவதால் தம் பிள்ளைக்கு முன்கூட்டியே பாலை நிறுத்த முயல்வதாகக் கூறினார். அன்று ஃபஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்களின் ஓதுதல் மக்களுக்குத் தெளிவாகக் கேளாத அளவுக்கு அழுகை மேலிட்டது. தொழுகை முடிந்ததும், பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு, எவரும் அவசரப்பட்டுப் பாலை நிறுத்த வேண்டாம் என்று அறிவிக்கச் செய்தார்கள்.

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவுடன் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனம் இன்று கூறும் பரிந்துரை. முதல் ஆறு மாதங்களில் தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்ப்பாலிலேயே அது போதிய அளவு உள்ளது.

சிறு வயிறு, பெருந்தேவை

குழந்தையின் இரைப்பை எவ்வளவு கொள்ளும்? உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 கிராம் என்பது மருத்துவ வல்லுநர்களின் கணக்கு. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு 240 கிராம் அளவும், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை 300 கிராம் அளவுமே கொள்ளும். நாம் பிசைந்து வைக்கும் தட்டு பல நேரங்களில் இதனினும் பெரிது.

ஆனால் தேவையோ சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 கலோரி தேவை. உட்கார்ந்து பணிபுரியும் ஆணுக்குச் சுமார் 2100 கலோரி. தந்தையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத பிள்ளைக்கு, தந்தையின் தேவையில் ஏறத்தாழப் பாதி வேண்டியிருக்கிறது!

வயிறு சிறிது, தேவை பெரிது என்றால் என்ன செய்வது? இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பது. மற்றொன்று, கொடுக்கும் ஒவ்வொரு கவளத்திலும் சத்து இருக்குமாறு பார்த்துக்கொள்வது. நீர்த்த கஞ்சியும் பருப்பின் மேல்நீரும் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்கா. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக உணவு இருக்க வேண்டும். குழைந்த சோற்றில் பருப்பையே மசித்து, ஒரு சிறு கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் அதே அளவில் சத்து கூடிவிடும்.

வயதுக்கேற்ற அளவுகளை உலக சுகாதார நிறுவனம் இவ்வாறு வகுத்துள்ளது. கிண்ணம் என்பது இங்கே 250 மில்லி கொள்ளும் கிண்ணம்.

6 முதல் 8 மாதம் வரை: இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, மெல்ல அரைக் கிண்ணம் வரை, நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளை.

9 முதல் 11 மாதம் வரை: வேளைக்கு அரைக் கிண்ணம், 3 அல்லது 4 வேளை, இடையே ஒன்றிரண்டு சிற்றுண்டி.

12 முதல் 23 மாதம் வரை: வேளைக்கு முக்கால் முதல் ஒரு கிண்ணம், 3 அல்லது 4 வேளை, இடையே ஒன்றிரண்டு சிற்றுண்டி.

இவற்றுடன் தாய்ப்பாலும் தொடர வேண்டும். இரண்டு வயதுக்குப் பின் மூன்று வேளை உணவும் இரண்டு சிற்றுண்டியும் போதும். காய், கீரை, இறைச்சி ஆகிய தொடுகறிகளில் ஒவ்வொன்றையும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துத் தொடங்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று கரண்டிக் கீரை. இது தொடக்க அளவேயன்றி எல்லையன்று. பிள்ளை மேலும் கேட்டால் மகிழ்ச்சியுடன் கொடுக்க வேண்டும்.

ஓராண்டுக்குப் பின் பசி ஏன் குறைகிறது?

குழந்தை முதல் ஆண்டில் பிறந்த எடையைப் போல் மூன்று மடங்காகிறது. அதாவது மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஒன்பது கிலோவை எட்டுகிறது. ஆனால் இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் அதற்கேற்பக் குறைகிறது. இது நோயன்று, அல்லாஹ் அமைத்த இயல்பு. நடக்கக் கற்ற பிள்ளை ஒரு நாள் நன்றாக உண்ணும். மறுநாள் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடும். ஒரு வேளையைப் பார்க்காமல், ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இதனை அறியாத குடும்பத்தார் தாயைக் குறை கூறுகின்றனர். 'நீ ஊட்டுவது சரியில்லை' என்ற சொல்லுக்கு அஞ்சியே பல தாய்மார்கள் பிள்ளைக்கு வலிந்து ஊட்டுகின்றனர். அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை விடுத்து, அங்கன்வாடியிலோ மருத்துவமனையிலோ எடை பார்த்து, வளர்ச்சி அட்டையின் கோட்டைப் பாருங்கள். கோடு ஒழுங்காக மேலேறிச் சென்றால் உங்கள் பிள்ளை போதிய அளவு உண்கிறது என்பதே பொருள்.

என்ன உணவு என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் உரிமை

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்ப்போம்.

பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது, ஸதகாவாக வந்த பேரீச்சம் பழங்களில் ஒன்றை எடுத்து வாயில் இட்டுக்கொண்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் உடனே அதை உமிழச் செய்து, ஸதகாப் பொருளைத் தம் குடும்பத்தார் உண்பதில்லை என்ற காரணத்தையும் எடுத்துரைத்தார்கள் (நூல்: புகாரீ). பிள்ளையின் வாய்க்குள் என்ன செல்கிறது என்பதைக் கண்காணிப்பது பெரியவரின் கடமை. 'அழுகிறானே' என்பதற்காக அக்கடமையை விட்டுவிட முடியாது.

மற்றொரு முறை, பொரித்த உடும்பு விருந்தில் வைக்கப்பட்டது. பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விலக்கிக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் வினவ, இல்லை, தம் சமூகத்தாரின் பூமியில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள் (நூல்: புகாரீ). பழக்கமில்லாத உணவுக்கு மனம் தயங்குவது மனித இயல்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பெருமானார் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்றும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள் (நூல்: புகாரீ, முஸ்லிம்). 'சீ' என்று முகம் சுளிக்காமல் வேண்டாமென்று விலகும் நாகரிகத்தைப் பிள்ளைக்குக் கற்பிப்போம். அப்படி விலகும் உரிமையையும் கொடுப்போம்.

இன்றைய உணவியல் வல்லுநர்களும் இதே பங்கீட்டையே கூறுகின்றனர். எதை, எப்போது, எங்கே உண்பது என்று பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையின் பசி முடிவு செய்ய வேண்டும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. மூன்று வயதுக் குழந்தைகளுக்குத் தட்டில் எவ்வளவு வைத்தாலும், தம் பசிக்கேற்ற அளவே உண்டனர். ஐந்து வயதுக் குழந்தைகளோ, தட்டில் மிகுதியாக வைத்தபோது மிகுதியாக உண்டனர். போதும் என்று உணர்த்தும் ஓர் அளவுகோலை இறைவன் பிள்ளையின் உள்ளேயே வைத்திருக்கிறான். அதை மழுங்கச் செய்வது நாம் நிரப்பும் தட்டும், 'கடைசி வாய்' என்று கூறி ஊட்டும் பத்து வாயுமே!

குழந்தை வாயை மூடிக்கொள்கிறது, தலையைத் திருப்புகிறது, கரண்டியைத் தள்ளுகிறது. இவை அடம் அல்ல; போதும் என்னும் மொழி. கைப்பேசியைக் காட்டி ஊட்டும்போது பிள்ளை அம்மொழியையே மறந்துவிடுகிறது.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு பானத்திற்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற கருத்தில் மிக்தாம் பின் மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை (நூல்: திர்மிதீ) நாம் அறிவோம். வயிறு முட்ட உண்பதைத் தடுக்கும் இப்பொன்மொழியைக் காட்டி, வளரும் பிள்ளை பசியுடன் கேட்கும்போது மறுத்துவிடக் கூடாது. அதன் போதனையை அறிந்துகொண்டே, போதும் என்ற பிள்ளைக்கு மேலும் திணிக்கவும் கூடாது.

சுவை எப்படிப் பழகுகிறது?

ஒரு தையற்காரர் பெருமானார் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். சிறுவரான அனஸ் (ரலி) அவர்களும் உடன் சென்றார்கள். குழம்பில் கிடந்த சுரைக்காய்த் துண்டுகளைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தேடித் தேடி உண்பதைக் கண்டார்கள். அன்று முதல் சுரைக்காய் தமக்கு விருப்பமானதாகிவிட்டது என்று அனஸ் (ரலி) அவர்களே கூறுகிறார்கள் (நூல்: புகாரீ).

எவரும் அவர்களுக்குச் சுரைக்காயின் சத்தைப் பற்றி உரை நிகழ்த்தவில்லை. வாயில் திணிக்கவுமில்லை. நேசிக்கும் ஒருவர் விரும்பி உண்பதைக் கண்டார்கள், அவ்வளவே. வாப்பா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு மகனை மட்டும் 'சாப்பிடு' என்றால் அவன் எப்படி உண்பான்?

புதிய காயைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறைகூட அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் அனுபவம். இரண்டு முறை துப்பியவுடன் 'இவனுக்குப் பிடிக்காது' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். சிறு துண்டாக, வற்புறுத்தாமல், வேறொரு நாள் மீண்டும் வையுங்கள். 'கத்தரிக்காயைத் தின்றால் சாக்லேட் தருவேன்' என்ற பேரம் வேண்டாம். அது கத்தரிக்காயைத் தண்டனையாகவும் சாக்லேட்டைப் பரிசாகவும் பிள்ளையின் மனத்தில் பதித்துவிடும்.

தட்டில் இருக்க வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும்

தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் பயறும், பாலும் தயிரும், இறைச்சியும் மீனும், முட்டை, மஞ்சள் நிறக் காய்கனிகளும் கீரையும், பிற காய்கனிகள் என உணவை எட்டு வகையாகப் பிரித்துள்ளனர். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு நாள்தோறும் இவற்றில் ஐந்து வகைகளேனும் கிடைக்க வேண்டும். நம் வீடுகளில் இது கடினமன்று. சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, ஒரு முட்டை, சிறிது தயிர் என்றால் ஐந்தும் வந்துவிடுகின்றன. இறைச்சி சமைக்கும் நாளில் பிள்ளைக்குக் குழம்பை மட்டும் ஊற்றாமல், நன்கு வெந்த கறியை மசித்துக் கொடுங்கள். இரும்புச்சத்து கறியிலும் ஈரலிலும்தான் உள்ளது. சாற்றில் மிகக் குறைவு. கீரையோடு சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அதன் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

தேநீர்: காலையில் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து மதரஸாவுக்கு அனுப்பும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு முட்டையோ வாழைப்பழமோ இட்லியோ கொடுத்தனுப்பலாம்.

பால்: ஓராண்டு நிறையுமுன் பசும்பாலை முதன்மைப் பானமாகக் கொடுக்கக் கூடாது. அதன்பின் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பால் மிகுந்தால் உணவுக்குப் பசியிராது, இரத்தசோகையும் தொற்றும்.

இனிப்பும் உப்பும்: இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காதிருப்பதே நலம். பழச்சாறு ஓராண்டுக்குள் அறவே வேண்டாம். மூன்று வயது வரை நாளொன்றுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம். பழமாகவே கொடுப்பது மேல். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு உப்பு நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குள் இருக்க வேண்டும். பொட்டலத் தின்பண்டங்கள் இந்த எல்லையை எளிதில் கடக்கச் செய்துவிடும்.

தேன்: தேனில் நிவாரணம் உண்டெனத் திருமறை (16:69) கூறுவதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு மருந்துக்கும் வயது உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். எனவே முதல் ஆண்டில் தேன் தடவுவதைத் தவிர்த்துவிடுங்கள். தஹ்னீக் எனும் சுன்னத்துக்குப் பேரீச்சம் பழமே நபிவழி. அதுவும் உணவாக ஊட்டுவதன்று. மென்றதைச் சிறிதளவு மேல்வாயில் தடவுவதே.

அடைத்துக்கொள்பவை: முழு வேர்க்கடலை, பாதாம், முழுத் திராட்சை ஆகியவை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மூச்சுக்குழலை அடைத்து உயிருக்கே உலைவைக்கக்கூடியவை. கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும், பேரீச்சம் பழத்தைக் கொட்டை நீக்கித் துண்டாக்கியும் கொடுக்க வேண்டும். படுத்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ உண்ண விடக் கூடாது.

சஹனில் பிள்ளையின் பங்கு

உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த சிறுவர். உண்ணும்போது அவரது கை தட்டெங்கும் அலைந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அடிக்கவில்லை; அதட்டவில்லை. பிஸ்மில்லாஹ் கூறுவது, வலக்கரத்தால் உண்பது, தனக்கு அருகில் இருப்பதை உண்பது என்னும் மூன்று ஒழுக்கங்களைக் கனிவுடன் கற்பித்தார்கள். அதன்பின் தம் உணவு முறையே அதுவாகிவிட்டது என்று அவர் கூறுகிறார் (நூல்: புகாரீ, முஸ்லிம்).

சஹனைச் சுற்றி ஒன்றாக அமர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு. ஆனால் பெரியவர்களின் வேகத்துக்குச் சிறு கை ஈடுகொடுக்காது. பிள்ளை எவ்வளவு உண்டது என்பதும் தெரியாது. தனக்கு அருகில் இருப்பதை உண்ணச் சொன்ன நபிமொழி ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கைக் காட்டித் தருகிறது. எனவே சிறு பிள்ளைக்கு அதே விரிப்பில், நம் அருகிலேயே, தனியொரு சிறு தட்டில் அதன் பங்கை எடுத்து வையுங்கள். பெரிய தட்டில் அள்ளி வைத்து எஞ்சுவதைக் கொட்டுவதைவிட, சிறிதாக வைத்து மீண்டும் கொடுப்பதே விரயத்தைத் தடுக்கும் வழி. உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன் அதே வசனத்தில் விரயத்தைத் தடுத்துள்ளான் (அல்குர்ஆன் 7:31).

வசதியற்ற வீடுகளின் நினைவும் நமக்கு வேண்டும். குழம்பு காய்ச்சினால் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள் (நூல்: முஸ்லிம்). நம் பிள்ளை மிச்சம் வைக்கும் முட்டைக்கு ஏங்கும் பிள்ளை அடுத்த தெருவில் இருக்கக்கூடும். அங்கன்வாடியில் வழங்கப்படும் சத்துமாவை வாங்குவதில் வெட்கப்பட ஏதுமில்லை. அது பிள்ளையின் உரிமை.

எடை கூடாமல் நின்றுவிட்டாலோ, குறைந்தாலோ, பிள்ளை வெளிறிச் சோர்ந்திருந்தாலோ, மண், சுண்ணாம்பு முதலியவற்றைத் தின்றாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சத்துக்குறைவு என்றும், 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடுமையான நிலை என்றும் பொருள். ஓதிப்பார்ப்பதும் துஆச் செய்வதும் நன்று. அவை மருத்துவத்தைத் தள்ளிப்போடக் காரணமாகிவிடக் கூடாது.

அன்பானவர்களே! இன்றிரவு முதல் மூன்று செயல்களைத் தொடங்குவோம். உணவு வேளையில் கைப்பேசியை விலக்குவோம். சிறு தட்டில் சிறிதளவு வைத்து, கேட்டால் மீண்டும் கொடுப்போம். பிள்ளை போதும் என்றால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லப் பழக்கி, அன்புடன் தட்டை எடுத்துக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் மக்களை உடல்நலமும் ஈமானின் பலமும் நிறைந்த ஸாலிஹான பிள்ளைகளாக வளர்த்தெடுக்கும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஹலாலான, தூய்மையான உணவை நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.